மே முப்பத்தொன்றோடு ஒன்பது மாதம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் வீட்டுக்காரியும் உங்கள் மனைவியும் இங்கு நலம். நீங்கள் போனை எடுக்காததால் அங்கும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

"சும்மாத்தானே இருக்கீங்க மாமா, நம்ம லைப்ரரிய கையால கொஞ்சம் சோதிச்சுப் பாருங்களேன்" என்று போன மாதம் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள். தணிக்கை அலுவலகத்தில் காலம் தள்ளியவனிடம் 'கொஞ்சம்' என்று சொல்லியிருக்கக் கூடாது. லைப்ரரி என்றால் நூலகம் இல்லை, மற்றவர்கள் தங்கள் செயலிகளில் எடுத்துப் பொருத்திக்கொள்ளும் தேதிக் கணக்கு நிரல்தானே, இதில் என்ன வில்லங்கம் இருந்துவிடப் போகிறது என்று, என் பெண்ணின் பிரசவக் கணக்கு தொடங்குகிற மே முப்பத்தொன்றோடு ஒன்பது மாதம் கூட்டச் சொன்னேன். பிப்ரவரி இருபத்தெட்டு வர வேண்டும். மார்ச் மூன்று என்கிறது. பிப்ரவரி அதற்கு என்ன துரோகம் செய்ததோ தெரியவில்லை. உங்களுக்கு எழுதினால், "ஆட்டோமேட்டிக் டெஸ்ட் எல்லாம் பச்சை, பாஸ் மாமா" என்று ஒரு வரி. அந்தப் பச்சை எப்படி வந்தது என்று உங்கள் அலுவலகத்தில் டெஸ்ட் எழுதுகிற கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "லைப்ரரி என்ன விடை கொடுத்துச்சோ, அதையே சரியான விடைன்னு டெஸ்டுல போட்டுட்டோம் சார், நேரமில்ல" என்கிறார், கூச்சமே இல்லாமல். பையன் எழுதிய விடையையே சரியென்று வைத்துக்கொண்டு அவன் தாளைத் திருத்தினால் அவன் நூற்றுக்கு நூறு வாங்காமல் வேறு என்ன செய்வான்? வேறு யாராவது இதைச் செய்திருந்தால் வாயில் வந்தபடி திட்டியிருப்பேன். நீங்கள் மாப்பிள்ளை, அதனால் எனக்குக் கோபமே இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

இதோடு ஏழு நாள் சேர்த்தால் பிரசவத் தேதி. என் கணக்கில் மார்ச் ஏழு, உங்கள் லைப்ரரியில் மார்ச் பத்து. அதை நம்பி நீங்கள் ஒன்பதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறீர்கள். தலைப்பிள்ளை பிறக்கும்போது தகப்பன் பக்கத்தில் இல்லையென்றால் அவள் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவாள், உங்களையல்ல, "நீங்க பாத்த மாப்பிள்ளைதானே" என்று என்னை. டாக்டரம்மாவைக் கேட்டால், "முன்ன பின்ன ஆகலாம்" என்கிறார். படித்தவர் பேசுகிற பேச்சா இது? வீட்டுக்காரியோ, "ரெண்டு பேரும் கணக்க மூடி வச்சுட்டு வேற வேலை இருந்தாப் பாருங்க" என்கிறாள். அதற்கு உங்கள் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். இந்த வீட்டில் துல்லியத்துக்கு மதிப்பே இல்லை.

ஆகவே முதலில் டிக்கெட்டை ஆறாம் தேதிக்கு மாற்றுங்கள், லைப்ரரியை அப்புறம் திருத்தலாம். என் தேதி தப்பாது. கையால் எண்ணியது.

உங்களுக்கு ஆயுளும் ஆரோக்கியமும் பெருகட்டும். கண்ணாடிக்காரருக்குக் கொஞ்சம் வெட்கமும் சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: அனுப்பும் பொத்தானை அழுத்தப் போன நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். இன்று தேதி இரண்டு. ஏழும் இல்லை, பத்தும் இல்லை. "அவர் இன்னும் வரலையாப்பா?" என்று கேட்டாள். கைவிரல் பத்து, கால்விரல் பத்து, இரண்டு தடவை எண்ணிவிட்டேன். ஆனாலும் என் கணக்கை நம்ப வேண்டாம் மாப்பிள்ளை. கிடைத்த வண்டியில் ஏறி வந்து நீங்களே எண்ணிப் பாருங்கள்.