கூப்பிடாமல் வந்த நண்டு

"தெரியாத ஜந்து ஏதாவது கண்ணில பட்டா மட்டும் கூப்பிடுங்க மாப்பிள்ளை."

"கட்டாயம் மாமா. உங்களைக் கேக்காம ஒரு கல்லைக்கூட நகர்த்த மாட்டோம்."

தன் கடல்நீர் மீன்தொட்டியை மகள் வீட்டில் இறக்கிய அன்று லிஃப்ட் மெக்கானிக் பேசியது அவ்வளவுதான். மனைவி போனபின் அவர் குடியேறிய ஒற்றை அறையில் தொட்டிக்கு இடமில்லை. "நானும் இங்கேயே இருந்துடட்டுமா?" என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டால் மறுக்க மாட்டார்கள். அதனாலேயே கேட்கக் கூடாது.

ஒரு மாதமாகியும் போன் வரவில்லை. எந்த ஜந்துவும் யார் கண்ணிலும் படவில்லை.

ஆகவே அவரே ஏற்பாடு செய்தார். வளர்ப்பு மீன் கடைக்காரர் தன் தொட்டிகளிலிருந்து வேண்டாமென்று சுரண்டி எறியும் மிளகளவு நட்சத்திர மீன்களில் இரண்டைக் கேட்டு வாங்கினார். தொட்டிக்கு உப்பு கொடுக்கப் போன சாக்கில் நைசாக உள்ளே விட்டார்.

மறுநாளே போன்.

"அப்பா, கண்ணாடியில என்னமோ ஊருது. பயமா இருக்கு, உடனே வாங்க."

போனால், மகள் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். அவர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"குட்டி நட்சத்திர மீனும்மா. ஒண்ணும் பண்ணாது."

சாப்பிட வைத்துத்தான் விட்டார்கள். மாப்பிள்ளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினார்.

ஒன்றும் பண்ணாது என்று அவர் சொன்னது அந்த மீன்களுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. இரண்டு இருபதாகி, தொட்டியில் வளர்ந்த உயிர்ப் பவளத்தை மேயத் தொடங்கின. அவர் தினமும் வந்து இடுக்கியால் பொறுக்கினார். அவர் துண்டுக்கென்று மாப்பிள்ளை குளியலறையில் ஓர் ஆணி அடித்து வைத்தார். அதைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புத்தண்ணி தெறிச்சிடுச்சு என்று சமாளித்தார்.

நட்சத்திரங்கள் ஒழிந்தன. அந்த வாரமே ஒரு நண்டு தென்பட்டது.

அவர் திகைத்தார். இதை அவர் விடவில்லையே.

"இது என்ன ஜாதி மாமா?"

"காலெல்லாம் ரோமம், கொடுக்கு கறுப்பு. பவளத்தைப் பிடுங்கித் தின்கிற ரகம்."

நண்டைப் பிடிக்க டம்ளரில் இறால் துண்டு போட்டுப் பாறையில் சாய்த்து வைத்தார். நண்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நீல மீன்தான் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கப் போய் டம்ளர் கவிழ்ந்தது. பாறை இடுக்கில் விழுந்த இறால் அழுகி, தண்ணீர் பாலாக வெளுத்துவிட்டது. மகள் மறுபடி நாற்காலி ஏறினாள்.

"மாமா, இவ பயத்துல கீழேயே இறங்க மாட்டேங்கறா," என்றார் மாப்பிள்ளை தயங்கியபடி. "தொட்டியை யாருக்காவது கொடுத்துடலாமா?"

மெக்கானிக் குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தொட்டி போனால் ஆணியும் போய்விடும்.

"தொட்டி மேல தப்பில்லை மாப்பிள்ளை. நட்சத்திரத்தை விட்டது நான்தான். வந்து போக ஒரு சாக்கு வேணும்னு..."

மாப்பிள்ளை தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அப்ப நண்டு?"

"சத்தியமா நான் இல்லை."

மகள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, எந்தக் கல்லுக்கடியில் என்று தெரிந்தவளாய்த் தொட்டிக்குள் கையை விட்டு, நண்டை முதுகில் பிடித்துத் தூக்கினாள்.

"இது நான் வாங்கி விட்டதுப்பா. நட்சத்திரம் தீர்ந்துபோச்சே, இனி வரமாட்டீங்களேன்னு. அடுத்து புழுதான் இருக்குன்னார் கடைக்காரர், அதை மட்டும் என்னால தொட முடியாது. பேசாம இங்கேயே இருந்துடுங்கப்பா."