கிழியும் பாய்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் எந்த முதலாளிக்கும், எந்த இன்ஸ்பெக்டருக்கும் நடுங்காத தொழிலாளிகள் எல்லாம் ஒரே ஒருவருக்கு நடுங்கினார்கள். உயரம் ஐந்தடி. எடை, ஒரு குடையை விடக் கொஞ்சம் அதிகம். சொந்தப் பெயர் என்னவோ, எங்கள் பிரஸ் ஷாப்பில் அவர் கிழியும் பாய்.

எல்லாரும் மிஸ்டு கால் கொடுத்தே பேசிக்கொண்ட காலம் அது. தட்டையான தகட்டைப் பிரஸ்ஸில் வைத்து, டை என்கிற இரும்பு அச்சுக்குள் அழுத்தி, கிண்ணம் கிண்ணமாகப் பாகங்கள் எடுப்பது எங்கள் தொழில். அழுத்தும்போது தகடு எங்கே கிழியும் என்று முன்கூட்டியே சொல்வது பாயின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. டை ஃபிட்டரான அவர் தானாக எடுத்துக்கொண்டது. பேனா மூடியை வைத்துத் தகடு முழுக்க வட்டம் போடுவார். ஒரு அடி அடித்ததும் வட்டங்களைக் குனிந்து பார்ப்பார்.

“வட்டம் முட்டையாச்சுன்னா பொழைக்கும் சார். வாழக்காயாச்சுன்னா கிழியும்.”

கிழிந்துவிடும்.

தகட்டோடு நின்றாரா மனுஷன்? பம்மல் ஷேர் ஆட்டோவின் சீட்டைப் பார்த்து “கிழியும்” என்றார். பல்லாவரம் வருவதற்குள் பஞ்சு வெளியே வந்தது. புது பேன்ட்டில் வந்த மேனேஜரைப் பார்த்துச் சொன்னார். மேனேஜர் செருப்பு மாட்டக் குனிந்தார், அவ்வளவுதான். அதன்பிறகு பாய் எதிரே வந்தால் ஆளாளுக்குச் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினோம்.

ஒரு நாள், புதுக் கம்பெனி ஒன்றுக்கு ஆயில் தொட்டி ட்ரையல். கம்ப்யூட்டரிலேயே தகட்டை அழுத்திப் பார்த்து, எல்லா இடமும் பச்சை, கிழியவே கிழியாது என்று கலர் படம் அனுப்பியிருந்தார்கள். செக்கிங் பொறுப்பு என்னுடையது. எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். முதலாளி காலையிலேயே கூப்பிட்டார்.

“தம்பி, ஒரு பீஸ் கிழிஞ்சாலும் நாளைலேருந்து நீ வர வேணாம்.”

கம்பெனிக்காரர்கள் வர அரை மணி இருக்கும்போது பாய் டைக்குள் எட்டிப் பார்த்தார்.

“சார், கிழியும்.”

“நேத்து நல்லாத்தானே வந்துச்சு பாய்!”

“அது நேத்து. இன்னிக்கு கிழியும். தோ, மூலையப் பாரு.”

கண்ணால் காட்டினார். டையின் நாலு மூலையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். ட்ரையல் என்றால் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். மெஷினின் வெளிப்புறத்தில்தான் வைப்போம். அன்று முதலாளியும் பயந்து போயிருந்தார் போல, டைக்குள்ளேயே வைத்துவிட்டார். எண்ணெயில் வழுக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டிய தகட்டைக் காய்ந்த சந்தனம் பிடித்து நிறுத்தும். நின்றால் இழுபடும். இழுபட்டால் பாய் சொன்னதுதான்.

“அழிச்சுடுங்க பாய்.”

“நா எப்டி சார் அழிக்கிறது?”

நியாயம்தான். முதலாளியின் பக்தி ஊரறிந்தது. நானே துணியால் துடைத்து எண்ணெய் பூசினேன். நிமிர்ந்தால் வாசலில் கம்பெனிக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் முதலாளி.

“எவன்டா பொட்ட அழிச்சது?”

குங்குமம் படிந்த துணி என் கையிலிருந்து எப்போது பாய் கைக்குப் போனதென்று தெரியவில்லை.

“நாந்தான் சார். பொட்டு மெஷின் நெத்தியில இருக்கட்டும். தகடு ஓடற எடத்துல இருந்தா கிழியும்.”

முதலாளி பாயை முறைத்தார். பிறகு தன் பேன்ட்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, “அடிங்க” என்றார். பிரஸ் இறங்கியது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். தொட்டி முழுசாக வந்தது. அதற்கடுத்த ஒன்பதும் வந்தன.

மத்தியானம் டீக்கடையில் பார்த்தால் பாய் கையில் கிளாஸ் ஆடுகிறது. பாதி டீ சட்டையில்.

“உங்களுக்குப் பயமே கிடையாதுன்னு நெனச்சேன் பாய்.”

“இன்னா சார் நீ! வூட்ல மூணு பசங்க கீதுங்க. பயமில்லாம இருக்குமா?”

“அப்புறம் ஏன் பழிய எடுத்துக்கிட்டீங்க?”

“உன் மூஞ்சப் பாக்க முடியல சார்.”

என் டீயை பெஞ்சில் வைத்தேன். பாய் குடித்து முடிக்கும்வரை அவர் கிளாஸை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.