மாமியாருக்கு ஓர் எளிய போன்

மாமியாரின் போன் ஒரு தட்டில் வைத்து வந்தது. பக்கத்தில் நாலு பலாச்சுளையும் இருந்தன.

கொண்டுவந்தவள் மனைவி நம்பூசி. மாமியார் நாலோங்கோ வீட்டுக்குள்ளே, திரைக்குப் பின்னால் நின்றாள். மயாஞ்சா முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மாமியாரும் மருமகனும் தொட்டுக்கொள்ளக் கூடாது, கைக்குக் கை எதையும் கொடுத்து வாங்கக் கூடாது, மீறினால் மருமகனுக்குக் கைநடுக்கம் வரும் என்பது முகோனோ பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மயாஞ்சா படித்தவன். கம்பாலாவில் ஒரு சிமென்ட் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன். இதையெல்லாம் நம்பாதவன். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

"என்னவாம் போனுக்கு?"

"ரொம்பச் சிக்கலா இருக்காம். பேசவே முடியலையாம். சாதாரணமா ஆக்கச் சொன்னாங்கன்னு செங்கா சொன்னாங்க. அதான் அம்மா போன நானே எடுத்துட்டு வந்தேன்."

செங்கா என்றால் நம்பூசியின் அப்பாவுடைய அக்கா. திரைக்குப் பின்னாலிருந்து சொல்லும் ஓரிரு வார்த்தை தவிர, நாலோங்கோ மருமகனுக்கு நேரில் எதையாவது சொல்ல நினைத்தால், அது செங்காவின் வாய்க்குப் போய், நம்பூசியின் காதுக்கு வந்து, அப்புறம்தான் அவனிடம் சேரும்.

மயாஞ்சாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. வீட்டின் கடைசிப் பெண் நான்சுபூகாவுக்கு அடுத்த சனிக்கிழமை அறிமுக விழா. மாப்பிள்ளை வீட்டார் ஊரைக் கூட்டிக்கொண்டு சீர்வரிசையோடு வந்து இறங்கப்போகிறார்கள். பெரிய மாப்பிள்ளை டாக்டர் கசூலேவுக்குப் பந்தல் பொறுப்பு. சித்தப்பா மகனுக்கு வாழைத்தார் பொறுப்பு. அடுத்த தெரு நாகாவாவுக்கு மொத்தச் சமையலும். சொந்த மருமகன் மயாஞ்சாவுக்கு மட்டும் ஒரு வேலையும் கிடையாது. இரவெல்லாம் அது அவனை அரித்துக்கொண்டிருந்தது. இப்போது ஒன்று கிடைத்துவிட்டது. அதுவும் அவனுக்குக் கைவந்த கலை.

மயாஞ்சாவின் போனைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். வாசலைத் தாண்டினால் அது ஒரு நிறம், ஆபீஸ் போனால் வேறு நிறம். மழை வந்தால் திரையிலும் மழை. கூப்பிடுகிறவர்களிடம் ஒரு பெண் குரல் முதலில் எண் கேட்கும். நம்பூசி ஒருநாள் மணி பார்க்க அதைத் தொட்டதில் டார்ச் எரிந்தது, பாட்டுப் பாடியது, அவனுடைய மேனேஜருக்கு ஒரு முத்தப் படம் போய்ச் சேர்ந்தது.

"அம்மாகிட்ட சொல்லு, அவங்க போன ஒரு கை பாத்துடறேன்னு."

நம்பூசி உள்ளே போனாள். திரைக்குப் பின்னாலிருந்து நாலோங்கோவின் குரல் கேட்டது.

"என் போனையா?"

பிறகு, "சரி, ஆசையாக் கேக்கறாரு. வேணாம்னா சொல்றது?" என்றாள்.

எவ்வளவு கூச்சம் பாரேன், மருமகனைச் சிரமப்படுத்தக் கூடாதாம் என்று மயாஞ்சா நெகிழ்ந்துபோனான்.

ஒரு மணி நேரத்தில் போனில் இருந்த சின்னச் சின்னப் படங்களெல்லாம் மறைந்து, பெரிய பெரிய கட்டங்கள் மட்டும் நின்றன. கட்டத்தைத் தொட்டால் அந்த ஆளுக்குப் போன் போகும். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு வேலை சுலபமாக முடிந்துவிட்டால் மயாஞ்சாவுக்குப் பொறுக்காது. மாமியாருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கல், கூப்பிடுவது யார் என்று எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டாமே, போனே வாய்விட்டுச் சொல்லட்டும் என்று அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தான். ஒரு தரம் சொன்னால் காதில் விழாமல் போகலாம் என்று இரண்டு தரம் சொல்ல வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில். பூசையில் எல்லாரும் முழந்தாளிட்டு மௌனமாக இருக்கும் நேரம். பெண்கள் பக்கம் முன்வரிசையிலிருந்து ஒரு இங்கிலீஷ்காரியின் குரல் கணீரென்று எழுந்தது.

"சாஸ்பானைத் திருப்பித் தராத நாகாவா அழைக்கிறார்."

நாலோங்கோ போனைக் கவுனின் இடுப்புத்துணிக்குள் அழுத்தினாள். அதே நேரம் கோயில் வாசலில், எனக்கும் ஒரு இடம் போட்டு வை என்று சொல்வதற்காகப் போனைக் காதில் வைத்தபடி நாகாவாவே உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"சாஸ்பானைத் திருப்பித் தராத நாகாவா அழைக்கிறார்."

ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருந்த மயாஞ்சா தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் இருந்தவர் அவன் உருகி ஜெபிப்பதாக நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று மாலையே சாஸ்பான், அந்தப் பெரிய சமையல் சட்டி, வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு பிடி சாம்பல் இருந்தது. இனி அந்த வீட்டு அடுப்பில் என் கை படாது என்று நாகாவா சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று மயாஞ்சா கேட்டான்.

"நீங்க சாப்டீங்களான்னு கேட்டாங்க."

அதைவிட நாலு திட்டு திட்டியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"தப்பு போன்ல இல்ல நம்பூசி, பேருல இருக்கு. உங்கம்மா ஒவ்வொருத்தருக்கும் என்ன பேரு வச்சிருக்காங்க பாரு. 'அழுகல் முட்டைக்காரன்'. 'கேக்காமலே அறிவுரை'. இதெல்லாம் சபையில படிக்கற பேரா?"

"அவங்களுக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கும்."

"பேரே வேணாம். படம் போட்டுடறேன்."

போனின் குரலை நிறுத்தினான். பாதிரியாருக்குச் சிலுவை, ஆட்டுக்கறிக்காரர் வஸ்வாவுக்கு ஆடு, இப்படி ஆளுக்கொரு படம் போட்டான். அதோடு விட்டானா? அதிகம் பேசுகிறவர் தானாக மேல் கட்டத்துக்கு வந்துவிடும்படி செய்தான். மாமியார் விரலுக்கு வேலை மிச்சம் என்பது அவன் கணக்கு.

நாலோங்கோ படத்தையெல்லாம் பார்க்கவில்லை. கட்டம் இருக்கும் இடத்தை விரலால் பழகிவைத்திருந்தாள். விழா வேலையாகப் பாதிரியாரிடம் இரண்டு மூன்று தரம் பேசினாள். சிலுவை மேலே ஏறியது. ஆடு கீழே இறங்கியது. செவ்வாய்க்கிழமை காலை ஆடு இருந்த இடத்தில் விரலை வைத்து, எதிர்முனை வாயைத் திறக்கும் முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"இதோ பாருங்க, சனிக்கிழமைக்கு இளசா, கொழுகொழுன்னு இருக்கறதா அனுப்புங்க. போன தடவ மாதிரி பல்லு போன கிழட ஓட்டி விட்டீங்கன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்!"

போன தடவை, மூத்த பெண்ணின் விழாவுக்கு ஆசீர்வாதம் செய்யப் பங்குக் கோயிலிலிருந்து வந்தவர் எண்பது வயதைத் தாண்டிய உதவிப் பாதிரியார். அவருக்கு உண்மையிலேயே பல் கிடையாது.

மத்தியானம் நம்பூசி ஆபீசுக்கே வந்துவிட்டாள். "ஃபாதர் வரமாட்டாராம். அந்தப் பெரியவர் அழுதாராம்."

"உங்கம்மா என்ன சொன்னாங்க?"

"நீங்க மனசு கஷ்டப்படப் போறீங்க, உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாங்க."

மயாஞ்சா அன்று மூன்று கணக்கில் சைபரை விட்டுவிட்டான். மறுநாள் லீவு போட்டுவிட்டு முகோனோவுக்குப் பஸ் ஏறினான்.

"இனிமே தப்பே நடக்காது," என்று முற்றத்தில் நின்று திரையைப் பார்த்துச் சொன்னான். "அம்மா, எது தப்பாப் போனாலும் பக்கவாட்டுல இருக்கற பட்டன அஞ்சு தரம் அமுக்குங்க. ஒதவி தானா வரும்."

திரை அசைந்தது. "நல்லதுங்க மாப்பிள்ள," என்றது. கொஞ்சம் தயங்கி, "இத முன்னாடி இருந்தபடியே விட்டாலும்..." என்றது.

"நீங்க கவலையே படாதீங்கம்மா!"

உதவிக்கு ஐந்து பேரைப் போட்டான். டாக்டர், கிராமச் சேர்மன், வஸ்வா, பாதிரியார், நாகாவா. இருவர் கோபத்தில் இருந்தாலும் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான். ரத்த அழுத்த மாத்திரைக்கு நேரமானால் போன் பாட்டுப் பாடும்படியும் செய்துவைத்தான். எல்லாம் அக்கறைதான்.

அன்று மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர் முன்கூட்டிப் பேச வந்தார்கள். வெள்ளை அங்கிமேல் கோட்டுப் போட்டவர்கள். அளந்து அளந்து பேசினார்கள். நாலோங்கோ பாயில் முழந்தாளிட்டு அவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் இடுப்பிலிருந்து பாட்டு கிளம்பியது. கல்யாண வீட்டில் ஆடுகிற குத்துப்பாட்டு.

அவள் முகத்தைக் கலைக்காமல் துணிக்கு மேலேயே போனை அமுக்கினாள். நிற்கவில்லை. இன்னொரு தரம் அமுக்கினாள். பிறகு விடாமல் அமுக்கினாள்.

பாட்டு நின்றது. தீயணைப்பு வண்டி மாதிரி சைரன் ஊளையிட்டது.

முற்றத்தில் இருந்த மயாஞ்சாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். காலையில் அவனே தேர்ந்தெடுத்த சத்தம். மாமியாருக்கு மயக்கம் என்று முடிவுகட்டிவிட்டான். நாற்காலி கவிழ, செருப்பு ஒருபக்கம் பறக்க, திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். சைரனை வெளியே கொண்டுபோய்த் தொலைக்க நாலோங்கோ அதே வாசலுக்கு ஓடிவந்தாள்.

இருவரும் நடுவாசலில் மோதினார்கள். சாயப்போனவளை மயாஞ்சா இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துவிட்டான். திரை இருவர் தலைமேலும் போர்த்திக்கொண்டது.

சைரன் மட்டும் ஊளையிட்டது. கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் கையில் தேநீரோடு அப்படியே உறைந்துபோனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வஸ்வா வெட்டுக்கத்தியோடு வந்தார். "எங்கடா திருடன்?" என்று அவர் கத்த, இரண்டாவது பெரியவர் சோபாவுக்குப் பின்னால் போய்விட்டார். பின்னாலேயே சேர்மன் ஒரு மண்வெட்டியோடு வந்தார். டாக்டர் ஊசிப் பெட்டியோடு வந்தார். பாதிரியார் மோட்டார் சைக்கிளில், நோயாளிக்குப் பூசுகிற எண்ணெயோடு வந்தார். கடைசியாக நாகாவா, மாவு படிந்த கையில் உலக்கையோடு, மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"நாலோங்கோ, உயிரோடத்தான இருக்க?"

"இருக்கேன்டி."

"சாஸ்பான் சண்டை வேற, உயிர் வேற!" என்று நாகாவா உலக்கையைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாதிரியாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆட்டு விவகாரம் அங்கேயே விளங்கிவிட்டது. வஸ்வா சிரித்த சிரிப்பில் கத்தி கை நழுவப் பார்த்தது.

சோபாவுக்குப் பின்னாலிருந்து எழுந்த பெரியவர் கோட்டைத் தட்டிக்கொண்டார். "ஒரு சத்தத்துக்கு ஊரே ஓடி வருதே. இந்த வீட்டுல பொண்ணு எடுக்கறதுல எங்களுக்கு இனி ஒரு தயக்கமும் இல்ல," என்றார்.

எல்லாருக்கும் தேநீர் போட வேண்டி வந்தது.

மயாஞ்சா மட்டும் முற்றத்துக்குத் திரும்பிவிட்டான். தொட்டுவிட்டான். அதுவும் ஊரே பார்க்க. கிழிந்த திரைக்குப் பின்னாலிருந்து நாலோங்கோவின் குரல் வந்தது.

"மாப்பிள்ள, உங்களுக்கு எங்கயும் அடி படலியே?"

"இல்லம்மா," என்றான்.

போன் தட்டில் வந்தது. அவன் சைரனை எடுத்தான். கட்டங்களை எடுத்தான். பாட்டு, படம் எல்லாவற்றையும் துடைத்தான். பழைய சின்னப் படங்கள், பழைய பெயர்கள், அழுகல் முட்டைக்காரன் உட்பட, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவன் விரல் நடுங்கியது. பதற்றமாக இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"நம்பூசி, அம்மாகிட்ட சொல்லு. என்னால எளிமையா ஒண்ணு செய்ய முடியல. எனக்கு ஏன் ஒரு பொறுப்பும் தரலன்னு இப்பப் புரியுது. மன்னிச்சிடச் சொல்லு."

அப்போது வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு செங்கா வந்தாள். சந்தையிலேயே செய்தி கேட்டு, வாங்கின தக்காளியைக்கூட எடுக்காமல் வந்திருந்தாள். நம்பூசி நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்ல, செங்கா அவனையும் அவன் கையில் இருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள். கேட்டு முடித்ததும் கவிழ்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"அட ஆண்டவனே, அவ போனுக்கு என்ன கேடு? விழாவ நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்னு கேக்க உங்களக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒவ்வொரு தரமும் யாரோ ஒரு பொம்பள 'ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்கு'ன்னு சொல்லிக் கட் பண்ணிட்டாளாம். *உங்க* போனத்தான் சாதாரணமா ஆக்கச் சொல்லி அனுப்பினா!"