மூன்று டிஷ் வைத்துப் பார்த்த சம்பந்தி வீடு

மதிப்பிற்குரிய தவளக்குப்பம் அரிகிருஷ்ணன் அவர்களுக்கு,

உப்பளத்திலிருந்து கலியமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே அனைவரும் சௌக்கியம், என் முழங்கால் நீங்கலாக. அங்கே தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி கலைவாணனும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். தம்பிக்கும் என் ஒரே மகள் துர்காவுக்கும் ஜாதகம் பொருந்திவிட்டது, இருவருக்கும் பிடித்தும்விட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தாம்பூலம் மாற்ற வருவதாகப் பேச்சு. அதற்குள் வழக்கப்படி உங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க வேண்டுமே! ஒரே ஆளை விட்டு விசாரித்தால், ஒன்று தலையில் தூக்கி வைத்து ஆடுவான், இல்லை குழியில் தள்ளி மண்ணைப் போடுவான். இந்தக் கவலையில் இருந்தபோதுதான், பூனா பக்கம் ரேடியோ டெலஸ்கோப்பில் வேலை செய்யும் துர்காவிடம், "அங்க அப்படி என்னதாம்மா செய்வீங்க?" என்று போனில் கேட்டேன்.

"ஊரு அகலத்துக்கு ஒரே டிஷ் கட்ட முடியாதுப்பா. அதனால சின்னச் சின்ன டிஷ்ஷா தள்ளித் தள்ளி நிறுத்துவோம். எல்லாம் ஒரே நேரத்துல ஒரே எடத்தப் பாக்கும். ஜோடி ஜோடியா சேத்து ஒப்பிடுவோம். எவ்ளோ தள்ளி நிக்குதோ அவ்ளோ நுணுக்கமாத் தெரியும். பூமி சுத்தச் சுத்த கோணம் மாறி, விட்டுப்போனதும் நெறைஞ்சுடும். கடைசில ஊரளவு டிஷ்ல பாத்த மாதிரி படம் வந்துடும்" என்றாள்.

எனக்குப் பொறி தட்டியது. மூன்று டிஷ் ஏற்பாடு செய்தேன். ஆட்டோ ஓட்டும் மண்ணாங்கட்டி, வீராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் கொளஞ்சியம்மா, சிலிண்டர் போடும் ராஜவேல். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். பூமி சுற்றுவதற்காகக் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் விசாரிக்கச் சொன்னேன். தாம்பூலம் மாற்றும் முன் சம்பந்தி வீட்டுப் பெயரை வெளியில் சொன்னால் கண் பட்டுவிடுமே, அதனால் பெயரையும் ஊரையும் சொல்லாமல் அடையாளம் மட்டும் கொடுத்தேன்: ரிட்டயர் ஆன அரசு ஊழியர், மாடி வீடு, ஒரே பிள்ளை வெளிமாநிலத்தில் வேலை, தையில் கல்யாணம் நடத்த எண்ணம்.

ஐயா, படம் வந்தது. மூவரையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டேன், இம்மிகூட மாறவில்லை! "அந்தூட்டு ஐயா நெத்திலிக்குக்கூட அரை மணி நேரம் பேரம் பேசுவாரு" என்கிறாள் கொளஞ்சி. "அவரு கொறட்டை தெருமுனை வரைக்கும் கேக்குதுங்க" என்கிறான் மண்ணாங்கட்டி. பக்கத்து வீட்டுப் பேப்பரை அவர்களுக்கு முன்னால் எடுத்துப் படிப்பதும், வாயைத் திறந்தால் மூடாததும் மூவரும் சொன்னது. "அந்தம்மா தெய்வங்க, புள்ள தங்கம். அந்தாளுகிட்ட எப்படித்தான் காலம் தள்ளுறாங்களோ" என்று ராஜவேல் கண் கலங்கினான். எனக்கும் கலங்கிவிட்டது.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட மனிதர் இருக்கும் வீட்டில் என் பெண் எப்படி வாழ்வாள்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். தாங்கள் குணத்தை மாற்றிக்கொண்டபின் மேற்கொண்டு பேசலாம்.

தங்கள் வீட்டம்மாவுக்கு என் அனுதாபம் கலந்த வணக்கம். தம்பிக்கு ஆசிகள். வீராம்பட்டினத்து அம்மன் தங்களுக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உ. கலியமூர்த்தி

பி.கு.: இதை என் மனைவி நிர்மலாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் மீனோடு நின்ற கொளஞ்சி, "ஐயய்யோ! நீங்க சொன்ன அடையாளம் உங்க ஊடுதானே? ஊரு நம்மளப் பத்தி என்ன பேசுதுன்னு கேக்க ஆசைப்படுறீங்கன்னுல்ல நெனச்சோம்!" என்றாள். மற்ற இருவருக்கும் போன் போட்டேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். டிஷ் மூன்றும் ஒரே இடத்தைத்தான் பார்த்திருக்கின்றன.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். நிர்மலா பிடுங்கிக்கொண்டாள். "இதையே அனுப்புங்க. இத்தனையும் படிச்சுட்டு அவங்க ஞாயித்துக்கெழமை வந்தாங்கன்னா, அதுதாங்க நம்ம பொண்ணுக்கு ஏத்த எடம்" என்கிறாள்.

வருவீர்களா ஐயா?