குகை வாசலில் பெரட்டு

பேசாத ஆளைப் பற்றி ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடும். ஒன்று, ஆள் கெட்டிக்காரன். இல்லாவிட்டால், ஆளுக்கு உள்ளே ஒன்றும் இல்லை. என் விஷயத்தில் பாதிப் பேர் முதலாவதை நம்பினார்கள். அவர்களுக்கு நன்றி. ஜெசிந்தாவின் அப்பா இரண்டாவதை நம்பினார்.

நான் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. இப்போது சூப்பவைசர் என்று சொல்ல வேண்டுமாம். (பேரு மாறிச்சு. ஏச்சு மாறல.) விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, யார் எந்த மலைக்கு, யாருக்கு என்ன வேலை என்று பிரித்து அனுப்ப வேண்டும். அதற்கு வேண்டிய வார்த்தைகள் என்னிடம் இருந்தன. அதற்கு மேல் நான் சேர்த்து வைக்கவில்லை.

ஜெசிந்தா நமுனுகுலைப் பக்கம் வேறொரு தோட்டம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில் வேலை. அவளுக்கு என்னைப் பிடித்திருந்தது. ஏன் என்று இன்றுவரை கேட்கவில்லை. (கேட்டா யோசிச்சுப் பாப்பா. அது ஆபத்து.)

அவள் அப்பா அந்தத் தோட்டத்தில் நெடுங்காலம் தொழிற்சங்கத் தலைவர். ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் அவர் தலைவர்தான். வீட்டில் அவர் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவார். கங்காணிமாரோடு சண்டை பிடித்தே தலை நரைத்தவர். பெண் கேட்டுப் போன அன்று அவர் என்னோடு பேசவில்லை. மகளிடம் பேசினார், எனக்குக் கேட்கும்படி.

"வாயத் தொறந்தா வேலை ஏவுவான். இல்லாட்டி மூடிக்கிட்டுக் கெடப்பான். ரெண்டுக்கும் நடுவுல மனுசன் பேசுற பேச்சுன்னு ஒண்ணு இருக்கு. அது இவனுக்கு வராது. ஒனக்கு எதுக்கும்மா இந்தத் தலையெழுத்து?"

மறுத்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

காப்பாற்ற வந்தவன் அவள் அண்ணன் பெனடிக். துபாயில் ஹோட்டல் வேலை, லீவில் வந்திருந்தான். அங்கே அறைத் தோழர்களிடம் ஒரு விளையாட்டுப் பழகியிருந்தான். பலகை கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம். கதை சொல்பவர் "இப்ப என்ன செய்றீங்க?" என்று கேட்பார். அவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்ட வேண்டும்.

"கதை சொல்ற ஆளு நீங்க, மச்சான்" என்றான். "பௌர்ணமிக்குப் போயா லீவுதானே, அன்னைக்கு வாங்க. ஒரு மத்தியானம் முழுக்க அப்பா ஒங்க பேச்சக் கேக்கட்டும். வேற வழி எனக்குத் தெரியல."

பசறை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் மேசைமேல் மூன்று விளையாட்டை எடுத்து வைத்தான். எல்லாம் குகை, டிராகன், மந்திரவாதி வகைதான். விதிமுறைதான் வேறு வேறு. நான் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்.

முதலாவது செங்கல் மாதிரி. அதுவும் ஒரு கல் இல்லை, ஒரு அடுக்கு. திறந்தால் பக்கமெல்லாம் கட்டம், கட்டத்துக்குள் இலக்கம். பகடைக்குக்கூட இருபது முகம். மூடி வைத்தேன். இரண்டாவது ஒரு பெட்டி. உள்ளே நடுத்தரப் புத்தகம், வேஷங்கள் எழுதிய அட்டைகள், ஆரம்பம் முதல் முடிவு வரை தயாரான ஒரு கதை. மூன்றாவது மெல்லிசு. கோயில் திருவிழா நோட்டீஸை மடித்துத் தைத்த மாதிரி இருந்தது. லூடோ ஆடுகிற சாதாரணப் பகடை போதுமாம்.

"புதுசா ஆடுறவங்களுக்கு இந்தப் பெட்டிதான் நல்லம்" என்றான் பெனடிக். "கதை சொல்றவரு வாசிக்க வேண்டியதெல்லாம் தனியாக் கட்டம் கட்டிப் போட்டிருக்கு. நான் தமிழ்ல எழுதித் தாறேன். பாத்து வாசிச்சாப் போதும்."

நான் மெல்லிசைத் தொட்டேன். "இது."

"அது லேசுதான் மச்சான். ஆனா..."

"இது."

மெல்லிய புத்தகம் என்றால் குறைந்த பேச்சு. அதுதான் என் கணக்கு. ஏழாம் வகுப்போடு நின்றவனின் கணக்கு அப்படித்தான் இருக்கும். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்திருக்காது.

போயா வந்தது. மழையும் வந்தது. நனைந்த சட்டையோடு தலைவரின் லயத்து வீட்டுக்குள் நுழைந்தேன். முன் காம்பராவில் பாய் விரித்து, அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டசம்பலும் நடுவில் வைத்திருந்தார்கள். மகன் வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த சாமான் என்பதால் தலைவரும் வந்து உட்கார்ந்தார். கோடாலி பிடித்த குள்ள வீரன் வேஷம் அவருக்கு. அவர் மனைவி மருத்துவச்சி. ஜெசிந்தா வில்லுக்காரி. பெனடிக் மந்திரவாதி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"குகை" என்றேன்.

காத்திருந்தார்கள்.

"இருட்டு."

இன்னும் காத்திருந்தார்கள். (ஜெசிந்தாவோட அம்மா கெழங்க வாய்க்கிட்ட கொண்டுபோயி அப்படியே வச்சிருந்தாங்க.)

"உள்ள டிராகன். என்ன செய்றீங்க?"

"அவ்ளோதானா?" என்றார் தலைவர்.

"ஆமாங்க."

அம்மாவுக்கு என்மேல் இரக்கம். உதவிக்கு வந்தார். "குகை எங்கன இருக்கு தம்பி? பக்கத்துல தண்ணி பீலி இருக்கா?"

"தெரியலைங்க."

பெனடிக் என் காதருகே குனிந்தான். "நீங்கதான் சொல்லணும் மச்சான்."

"புத்தகத்துல இல்ல."

"இருக்காது. அதானே மெல்லிசு. அதுல எழுதாததெல்லாம் ஒங்க வாயில இருந்து வரணும்."

இதுதான் அந்த "ஆனா". செங்கல்லில் எல்லாமே அச்சடித்துக் கிடந்தது. பெட்டியில் வாசிக்கக் கட்டம் இருந்தது. ஊரிலேயே பேச்சு இல்லாத ஆள், பேச்சு இல்லாத புத்தகத்தைத் தேடி எடுத்திருந்தேன்.

கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. தலைவர் மகளைப் பார்த்தார். 'நான் சொன்னேனா இல்லையா' என்கிற பார்வை. ஜெசிந்தா பாயில் ஒரு கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். என்னையறியாமல் எழுந்து நின்றேன். நின்றால் எனக்கு வருகிற பேச்சு ஒன்றுதான். அது வந்துவிட்டது.

"மருத்துவச்சி பணியமலை! வில்லுக்காரி மேமலை! மந்திரவாதி தண்ணிக் கான் வெட்டு! குள்ளன்..." விரலை நீட்டினேன். விரல் போய் நின்றது தலைவரின் மூக்குக்கு நேரே. "குள்ளன் குகைக்குள்ள! கெளம்பு கெளம்பு, நேரம் போகுது!"

அம்மா பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டார். பிறகு உட்கார்ந்தார்.

தலைவர் கிழங்குத் தட்டை ஓரமாக நகர்த்தினார். "ஏய்யா கங்காணி. வயசு போயி வீட்ல குந்தியிருக்கேன். என் காம்பராவுக்கே வந்து பெரட்டு எடுக்குறியா?"

"இல்லைங்க. கதைங்க."

"கதையா? சரி, கதையாவே இருக்கட்டும். குள்ளன் போகமாட்டான்."

"ஏங்க?"

"நெருப்புக் கக்குற எடத்துக்கு அனுப்புறியே, சப்பாத்து குடுத்தியா? மழைக் கோட்டு குடுத்தியா?"

"கோடாலி இருக்குங்களே."

"அது அவன் சொந்தக் கோடாலி! குள்ளன் குகை வாசல்ல குந்திட்டான். வேலை நிறுத்தம்."

"நானும் போகல" என்றார் அம்மா. "பணியமலையில அட்டை கடிக்கும்."

"நானும் அப்பா பக்கம்" என்றாள் ஜெசிந்தா. அதுதான் வலித்தது.

தலைவர் பகடையை எடுத்து உருட்டினார். ஆறு. மெல்லிசுப் புத்தகத்தில் ஆறு விழுந்தால் கேட்டது கிடைக்கும். சப்பாத்து கொடுத்தேன். மறுபடி ஆறு. கோட்டும் கொடுத்தேன். இடையில் தேத்தண்ணிக்கு நேரம் கேட்டார். அதற்கும் ஆறு. என் தோட்டத்துத் துரை கேள்விப்பட்டிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

"இப்ப டிராகனைக் கூப்புடு" என்றார். "பேச்சுவார்த்தை."

டிராகனும் நான்தான். உட்கார்ந்தேன்.

"ஒனக்கு என்னய்யா கொறை?" என்று கேட்டார் தலைவர். "எதுக்குச் சனத்தைப் பாத்து நெருப்பு கக்குற?"

கல்யாணம் இனி இல்லை என்று தெரிந்துவிட்டது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

"அலுப்புங்க" என்றது டிராகன். "மேல இருக்கவங்க ஏசுறாங்க, கொழுந்து பத்தலைன்னு. கீழ இருக்கவங்களும் ஏசுறாங்க, அரைப்பேரு போட்டு அரை நாள் சம்பளத்த வெட்டிட்டேன்னு. நானாப் போடுறேன்? போடச் சொல்றாங்க. வீட்டுக்கு வந்தாப் பேச ஆள் இல்ல. ஆள் இருந்தாலும் என்ன பேசுறதுன்னு தெரியாது. நாள் பூராவும் கத்துன வாயிங்க. வேற ஒண்ணும் பழகல. பழகணும்னு ஆசைதான்."

அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன் பேசியதில்லை. பின்பும் இல்லை.

மழை கொஞ்சம் விட்டிருந்தது. தலைவர் பகடையைக் கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார், போடவில்லை. பிறகு கிழங்குத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"டிராகனையும் சங்கத்துல சேத்துக்குவோம்" என்றார்.

புறப்படும்போது வாசல் வரை வந்தார். என்னைப் பார்க்காமல், எதிர் மலையைப் பார்த்துச் சொன்னார். "கங்காணிக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன். அது அதுதான். டிராகனுக்குன்னா வேணா யோசிக்கலாம். அடுத்த போயாவுக்கு வரச் சொல்லு."

நல்லது நடந்தது என்று நினைப்பீர்கள். நடந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. அந்த "அடுத்த போயா" இன்னும் முடியவில்லை. பெனடிக் துபாய்க்குப் போய்விட்டான், புத்தகத்தை விட்டுவிட்டு. எங்களுக்குக் கல்யாணமாகி, மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள். போயாவுக்குப் போயா பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நமுனுகுலைக்கு பஸ் ஏறுகிறோம். வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிரட்டும். அங்கே போய் நான் டிராகனாக உட்கார வேண்டும். மாமா இன்னும் குகைக்குள் கால் வைக்கவில்லை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. வீட்டில் சோறு போடும்போது என் பெண்டாட்டி கேட்பது, "டிராகன் சாப்புட வருதா?" நான் எதையாவது சுருக்கமாகச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் கோரஸாகச் சொல்வது, "குகை. இருட்டு."

போன போயாவுக்கு மாமா ஒரு புதுக் கோரிக்கை வைத்தார். டிராகனுக்கும் மழைக் கோட்டு வேண்டுமாம்.

"நெருப்புக் கக்குற பிராணிங்க" என்றேன். "அதுக்கு எதுக்கு மாமா கோட்டு?"

"அதுக்குக் குளிராதுன்னு ஒனக்கு யார்யா சொன்னா?" என்றார். பகடையை உருட்டினார். ஒன்றுதான் விழுந்தது.

கொடுத்துவிட்டேன்.