சம்பந்தி அனுப்பிய மூன்று மூட்டைப் பொடி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, பேராசிரியர் இஷென்பெக் அவர்களுக்கு,

நாரின் மலைச் சுரங்கப்பாதையில் சிமெண்ட் பம்ப் ஓட்டும் சாகின்பெக் வணங்கி எழுதுவது. இங்கே நானும் மனைவியும் ஆடுகளும் நலம். தங்கள் வீட்டு மருமகளான எங்கள் நாஸ்கூலும் நலம் என்று நம்புகிறேன். ரொம்பவே நம்புகிறேன்.

சுவர் விரிசலில் சிமெண்ட் பாலைச் செலுத்தினால், இறுகுவதற்குள் ஊற்றுத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது என்று கல்யாண விருந்தில் புலம்பினேன். அதை மனதில் வைத்து, சிமெண்டைச் சீக்கிரம் இறுகச் செய்யும் என்று, தங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த நானோ சிலிக்கா பொடியை மூன்று மூட்டை அனுப்பினீர்கள். நூறு கிலோ சிமெண்டுக்கு ஒரு கிலோ, முதலில் தண்ணீரில் நன்றாகக் கலக்கவும் என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தீர்கள். ஆனா, சம்பந்தி வீட்டுச் சரக்காச்சே, ஒரு கிலோ போட்டா கஞ்சத்தனமா இருக்குமேன்னு அஞ்சு கிலோ போட்டேன். தண்ணியில கலக்கவும் இல்ல, அப்படியே கொட்டினேன். பொடி புகை மாதிரி கிளம்பிச்சு; முகமூடி போட்டிருந்ததால பிழைச்சோம். அரைமணி நேரம் ஒழுங்கா உள்ள போச்சு. அப்புறம் பம்ப் முனகுது, அழுத்தம் காட்டுற முள் ஏறுது. இருபது வருஷமா என்கூட வேலை பாக்குற மமத்கூல் குழாயைத் தட்டிப் பாத்துட்டு, "யோவ், இது குழாய் இல்லய்யா, தூணு!"ன்னான். சொல்லி வாய் மூடல, குழாய் முனை பிச்சுக்கிட்டு எஞ்சினியர் தமாரா அக்கா தலைக்கவசத்தை உரசிட்டுப் போச்சு. நல்லவேளை, யாருக்கும் அடி படல.

"இந்தப் பொடி எங்க வாங்கினே?"ன்னாங்க அக்கா. உங்க பேரைச் சொன்னா உங்க மானம் போகும், அப்புறம் அந்த வீட்டுல எம் பொண்ணு எப்படித் தலைநிமிர்ந்து தேநீர் ஊத்துவா? "சந்தையில"ன்னேன். "எந்தச் சந்தை?" பதட்டத்துல "குதிரைச் சந்தை"ன்னுட்டேன்.

மூணு நாளா சோறு இறங்கல. மிச்ச மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்குங்க. நான் வேலையை விட்டுட்டு ஆடு மேய்க்கப் போறேன். தப்பு முழுக்க என்னோடது. பொண்ணுகிட்ட முகம் கோணாதீங்க.

தங்கள் குடும்பம் ஆல்போல் தழைக்கவும், தங்கள் குதிரைகள் கொழுக்கவும் வேண்டும்,
சாகின்பெக்

பி.கு: கடிதத்தை ஒட்டுறதுக்குள்ள தமாரா அக்கா வந்துட்டாங்க. அந்த அரைமணிச் சிமெண்ட் முடியளவு விரிசலைக்கூட அடைச்சிருக்காம். அந்தப் பக்கச் சுவர் காஞ்சு கிடக்கு. "யாருய்யா கண்டுபிடிச்ச கலவை, நீயா?"ன்னு கேட்டாங்க. என் தலை தானா ஆடிடுச்சு. வியாழக்கிழமை உங்க ஆய்வுக்கூடத்துக்கே வந்து நான் விளக்கணுமாம். முன்வரிசையில நீங்கதானாம். என்ன பேசணும்னு தயவுசெய்து எழுதி அனுப்புங்க. எழுத்து பெருசா இருக்கட்டும்.