ரோஜாத் தொட்டியில் நட்ட எர்த்து

எங்கள் ஊரான சேக்காட்டில் மின்சாரத்துக்கு முறையாகப் பயந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் எலெக்ட்ரீஷியன் எர்த்து அண்ணாத்தே. இன்னொருவன் நான். அவர் தெரிந்து பயந்தார், நான் தெரியாமல் பயந்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

அண்ணாத்தே எதையும் உள்ளங்கையால் தொடமாட்டார். கேட்டோ கிரைண்டரோ, முதலில் புறங்கையால் ஒரு தட்டு. "ஷாக் அட்ச்சா புறங்கை தானா பின்னால வந்துடும் சார். உள்ளங்கைன்னா கெட்டியா புட்ச்சுக்கும், உடாது" என்பார். நியாயம்தான். அதற்காகக் கல்யாணத்தில் மாப்பிள்ளையையும் புறங்கையால் தட்டிப் பார்த்துவிட்டா கைகுலுக்குவது?

தொண்ணூறுகளில் எங்கள் மாடியில் டிஷ் ஆன்டெனா ஏறியது. தெருவிலேயே முதல் டிஷ். திருடிவிட்டால்? அலாரம் வைத்தேன். அலாரத்தை நம்பலாமா? இரும்பு கேட்டையும் அதோடு இணைத்தேன்.

டிஷ் மாட்டியவர் போகிற போக்கில், "எர்த்து குடுத்துடுங்க சார்" என்றார். எர்த்து என்றால் மண். மாடியில் மண் எங்கே இருக்கிறது? என் மனைவி கமலாவின் ரோஜாத் தொட்டியில். கம்பியை அதில் சொருகினேன். படித்தவன் அல்லவா, தினமும் தண்ணீர் வேறு ஊற்றினேன்.

"ஏங்க, துணி காயப்போடற கம்பியத் தொட்டா சுருக்குங்குது" என்றாள் கமலா. அந்தக் கம்பியின் ஒரு முனை டிஷ் கம்பத்தில் கட்டியிருந்தது. "உனக்கு ரத்தக் கொதிப்பு" என்றேன்.

மறுநாள் ஒரு அலறல். மாடியில் பக்கெட் ஒரு பக்கம், ஈரப் புடவை ஒரு பக்கம், கமலா ஒரு பக்கம். அவள் கை மரத்துப்போயிருந்தது. பாய்ந்து ஓடினேன். கீழே. ரப்பர் செருப்பு தேட.

அப்புறம் துடைப்பக் கட்டையால் மெயினை அணைத்தேன். ராணுவத்துக்கு டாங்கி செய்கிற ஊரில், மெயினைத் திரும்பப் போடப் பயந்து இரண்டு நாள் இருட்டில் கிடந்தவன் நான் ஒருவன்தான். கமலாவோ, "இனிமே மாடி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அண்ணாத்தே வந்தார். தொட்டியைப் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

"எர்த்து."

"யாருக்கு? ரோஜாவுக்கா? இந்த மண்ணுக்கும் பூமிக்கும் நடுவுல ஒரு ஊடே கீது. கரண்டு எப்டிப் போவும், படிக்கட்டுல எறங்கியா? கீய டிவிகிட்ட கீற ரிசீவர்ல கரண்டு லீக்கேஜு சார். கேபிள் வயியா ஏறி கம்பத்துல குந்திக்கினு கீது. எறங்க வயி இல்லாம ஊட்டம்மாவப் புட்ச்சுக்குச்சு."

மாடியிலிருந்தே கொல்லையைக் காட்டினேன். "டிஷ்ஷுக்கு ஒண்ணு, அலாரத்துக்கு ஒண்ணு, கேட்டுக்கு ஒண்ணு, மூணு குழி தோண்டிடுங்க அண்ணாத்தே!"

"ஒரு ஊட்டுக்கு ஒரே எர்த்துதான் சார். தனித்தனியா வச்சா, இடி எறங்குற அன்னிக்கு பங்காளிங்க மாறி ஒண்ணுக்கொண்ணு அட்ச்சுக்கும்."

ரிசீவரை ரிப்பேருக்கு அனுப்பினார். கொல்லையில் ஆளுயரக் குழி வெட்டி, பைப்பை நட்டு, கரியும் உப்பும் கொட்டினார். டிஷ், அலாரம், கேட் மூன்றின் செம்புக் கம்பிகளும் வீட்டு எர்த்தோடு சேர்ந்து அதில் இறங்கின. "வெயில் காலத்துல தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்து, மண்ணு காஞ்சா கரண்டு எறங்காது" என்றார். குடிக்கவே லாரிக்குக் காத்திருந்த காலம். ஆனாலும் ஊற்றினோம். இன்னும் ஊற்றுகிறோம்.

ரிசீவர் திரும்பி வந்தது. மெயின் போட்டாயிற்று. துணிக் கம்பியில் வைத்த டெஸ்டர் எரியவில்லை. கமலா மாடிப்படியிலேயே நின்றாள், கையில் ஈரப் புடவை.

"நீ தொட்டுக் காட்டு சார்" என்றார் அண்ணாத்தே.

தொட்டேன். புறங்கையால், கண்ணை மூடிக்கொண்டு.

"செருப்பக் கய்ட்டிட்டுத் தொடு சார்."

கழற்றிவிட்டும் தொட்டேன். ஒன்றும் இல்லை. கமலா அசையவில்லை. என் பேச்சை நம்புகிற கட்டத்தை அவள் தாண்டியிருந்தாள்.

அண்ணாத்தே ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு வெறுங்காலோடு போய், இரண்டு உள்ளங்கையாலும் அந்தக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வாம்மா, பொடவயப் போடு."

கமலா வந்தாள். புடவையை உதறி, விரித்து, நிதானமாக ஒவ்வொரு கிளிப்பாகப் போட்டாள். கடைசிக் கிளிப் விழும்வரை அந்த மனிதர் கையை எடுக்கவே இல்லை.